கடைப் பட்டியலில் ஒரு வரி: ‘மூச்சளவு’ அட்டைப்பட மறுவடிவமைப்பு

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் எதையாவது தேடினால் வரும் பட்டியலில், ஒரு விளையாட்டின் அட்டைப்படத்துக்குக் கிடைக்கும் இடம் 120-க்கு 45 பிக்சல். சாதாரண மானிட்டரில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் இரண்டு கேள்விகளுக்கு விடை வந்தாக வேண்டும்: பெயர் என்ன, இது எந்த வகை விளையாட்டு? ஓவியம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், இவை இரண்டும் பிடிபடாவிட்டால் பார்ப்பவரின் கண் அடுத்த வரிக்கு இறங்கிவிடும்.

இங்கே ஓர் அட்டைப்படத்தை முதல் வடிவத்திலிருந்து கடையில் ஏற்றுவது வரை பிரித்துப் பார்க்கிறோம். ‘மூச்சளவு’ விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரி விளையாட்டு, சந்தையில் கிடையாது. ஆகவே விற்பனைக் கணக்கு எதுவும் இதில் வராது. பிக்சல் அளவுகள், வண்ணக் கணக்குகள், கடை விதிகள் எல்லாம் நிஜமானவை.

விளையாட்டும் முதல் படமும்

மூழ்கிப்போன சரக்குக் கப்பலுக்குள் சிறிய நீர்மூழ்கி ஒன்றை அனுப்பி, உள்ளே கிடக்கும் பெட்டிகளை மேலே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஆக்சிஜன் செலவு. கொண்டுவந்ததை விற்று நீர்மூழ்கியை மேம்படுத்தி, அடுத்த முறை இன்னும் ஆழத்துக்கு இறங்கலாம். ஆட்டம் டர்ன் முறையில், அதாவது நின்று யோசித்து ஒவ்வொரு நகர்வாக நடக்கும். உத்தியும் வள மேலாண்மையும் கலந்த வகை. பயமுறுத்தும் காட்சி ஒன்றுகூட இல்லை.

முதல் அட்டைப்படத்தில் இருந்தது இது: கருநீலக் கடல், தூரத்தில் இரண்டு விளக்குகளோடு ஒரு குட்டி நீர்மூழ்கி, முன்னால் நமக்கு முதுகு காட்டி நிற்கும் முக்குளிப்பவர், மேலே இடைவெளி விட்டு விட்டு மெல்லிய எழுத்தில் பெயர். சுவரில் மாட்டும் போஸ்டராக நினைத்தால் குறை சொல்ல இடமில்லை. கடைப் படமாக நினைத்தால் மூன்று இடங்களில் உதைக்கிறது.

முதல் குறை, வகை. இருட்டு, தனிமை, முதுகு காட்டும் மனிதர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பார்ப்பவருக்கு அது திகில் விளையாட்டு, இல்லாவிட்டால் நடந்துகொண்டே கதை கேட்கும் விளையாட்டு. உத்தி விளையாட்டு தேடுபவர் நிற்கமாட்டார். திகில் தேடுபவர் கிளிக் செய்வார். ஸ்கிரீன்ஷாட்டில் கட்டங்களையும் எண்களையும் பார்த்ததும் வெளியேறிவிடுவார். இரண்டு பக்கமும் நட்டம். இதில் இரண்டாவது நட்டத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிளிக் வந்திருக்கிறதே என்று படத்தை நல்ல படமாகக் கணக்கு வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை, பெயர். 462 பிக்சல் அகலக் கோப்பில் எழுத்தின் கோட்டுப் பருமன் 3 பிக்சல். 120 பிக்சலுக்குச் சுருங்கும்போது படம் 26 சதவீதமாகிறது. 3 பிக்சல் கோடு 0.78 பிக்சலாகிறது. ஒரு பிக்சலுக்கும் குறைந்த கோட்டைத் திரை காட்ட முடியாது. அதன் வெண்மையைப் பின்னணியோடு கலந்து சாம்பலாக்கும். பெயர் இருந்த இடத்தில் ஒரு புகைக்கோடு மிஞ்சும்.

மூன்றாவது குறை, ஓரம். 0 முதல் 255 வரையான திரை அளவில் ஸ்டீம் கடையின் அடிப்படைக் கருநீலம் சிவப்பு 27, பச்சை 40, நீலம் 56. முதல் படத்தின் கடல் நிறம் 18, 48, 63. இரண்டுக்கும் உள்ள ஒளி மாறுபாட்டை இணைய அணுகல் நெறிமுறைகளில் உள்ள சூத்திரப்படி கணக்கிட்டால் 1.08-க்கு 1. நடைமுறையில் ஒரே நிறம்தான். படம் எங்கே முடிகிறது, கடைப்பக்கம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இருண்ட விளையாட்டு எடுப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. வெள்ளைப் பின்னணியில் திறந்த வரைகருவியில் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தக் குறை கடைசிவரை கண்ணில் படாது. கேன்வாஸுக்கு வெளியே உள்ள நிறத்தை 27, 40, 56 என்று முதல் நாளே மாற்றிவைத்துவிடுவது நல்லது.

எந்த இடத்தில் எந்த அளவு

ஸ்டீம் கேட்கும் படங்கள் பல; அட்டைப்படங்களை அது கேப்ஸ்யூல் என்று அழைக்கிறது. அளவைவிட அது எங்கே வருகிறது என்பதுதான் வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது.

சிறு கேப்ஸ்யூல் 462-க்கு 174. தேடல், அதிகம் விற்றவை, புதியவை போன்ற பட்டியல்களுக்கு இதிலிருந்துதான் குட்டிப் படங்கள் போகின்றன. 184-க்கு 69, 120-க்கு 45 ஆகிய சுருங்கிய வடிவங்களை ஸ்டீமே தயாரித்துக்கொள்ளும். நாம் தனியாக ஏற்ற வழியில்லை. தலைப்புக் கேப்ஸ்யூல் 920-க்கு 430. கடைப்பக்கத்தின் மேலேயும் பரிந்துரைகளிலும் வரும். முதன்மைக் கேப்ஸ்யூல் 1232-க்கு 706. முகப்பில் சுழலும் பெரிய படம். செங்குத்துக் கேப்ஸ்யூல் 748-க்கு 896. பெரிய தள்ளுபடி விற்பனைப் பக்கங்களில் பயன்படும். நூலகக் கேப்ஸ்யூல் 600-க்கு 900. வாங்கியவரின் நூலகத்தில் நிற்கும். நூலகத்தில் விளையாட்டின் பக்கத்துக்கு மேலே விரியும் பின்னணிப் படமான நூலக ஹீரோ 3840-க்கு 1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது. லோகோவைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகத் தனியே கொடுத்தால் ஸ்டீம் அதை ஹீரோ மேல் வைக்கும். ஹீரோ படம் ஜன்னல் அகலத்துக்கு ஏற்ப ஓரங்களில் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானவை நடுவில் 860-க்கு 380 என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்க வேண்டும்.

மற்ற கடைகளையும் குறித்துக்கொள்ளலாம். சிறு குழுக்களின் விளையாட்டுகள் அதிகம் வரும் இட்ச் தளத்தின் அட்டைப்படம் குறைந்தது 315-க்கு 250, பரிந்துரை 630-க்கு 500; அசையும் ஜிஃப் படமும் ஏற்கும். கூகுள் பிளேயில் ஐகான் 512-க்கு 512, சிறப்புப் படம் 1024-க்கு 500. அந்தச் சிறப்புப் படத்தின் நட்ட நடுவில் பெயரை வைக்காதீர்கள். டிரெய்லர் சேர்த்திருந்தால் பிளே பொத்தான் அங்கேதான் வந்து உட்காரும்.

இந்த விகிதங்களைப் பாருங்கள். சிறு கேப்ஸ்யூலின் அகலம் உயரத்தைப் போல் 2.66 மடங்கு. நூலகக் கேப்ஸ்யூலில் அது தலைகீழாகி 0.67 மடங்கு. ஒரே ஓவியத்தை வெட்டி இரண்டையும் நிரப்புவது நடக்காத காரியம். ‘மூச்சளவு’ முதல் படத்தில் அதுதான் நடந்திருந்தது: செங்குத்து வடிவத்தில் முக்குளிப்பவர் மட்டும், சிறு வடிவத்தில் கடல் மட்டும். ஒரே விளையாட்டின் இரண்டு படங்கள் என்று சொன்னால்கூட நம்ப முடியாது.

வரைவதற்கு முன்பு

விளையாட்டுக்கு வைக்கப்போகும் முதல் ஐந்து டேக்குகளை (கடையில் அதன் வகையைச் சொல்லும் குறிச்சொற்களை) எழுதி வையுங்கள். அந்த டேக்குகளில் நன்றாகப் போகும் விளையாட்டுகள் இருபதின் சிறு கேப்ஸ்யூல்களை ஒரே தாளில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். எல்லோரும் செய்வது எது? அது அந்த வகையின் அடையாள மொழி; தூக்கி எறிந்தால் வகை தெரியாமல் போகும். ஒருவர்கூடத் தொடாத நிறமோ வடிவமோ எது? அதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் இடம்.

பொதுவாகச் சொன்னால், மேலாண்மை வகைப் படங்களில் பொருள்கள், இயந்திரங்கள், வெளிச்சமான நிறங்கள், பருமனான எழுத்துகள் தென்படும். சண்டை வகையில் ஆயுதமும் முகமும். திகிலில் இருட்டும் வெற்றிடமும். இவற்றை எவரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. பார்ப்பவர்கள் பல வருடம் பார்த்துப் பார்த்துப் பழகியது. பழக்கத்தோடு மல்லுக்கட்ட அட்டைப்படம் சரியான இடமில்லை. புதுமையை விளையாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

‘மூச்சளவு’க்கான புதிய குறிப்பு ஒரே வாக்கியத்தில் அடங்கியது: “மூச்சு தீர்வதற்குள் இந்தப் பெட்டியைத் தூக்கியாக வேண்டும்.” இதில் ஒரு வினை இருக்கிறது, ஒரு பொருள் இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. வரைபவருக்குக் கொடுக்கும் குறிப்பில் வினை இல்லாவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆள்தான்.

அடுத்தது சிறு ஓவியங்கள். முழுப்படம் வரைந்து பிறகு சுருக்கிப் பார்ப்பது தவறான வரிசை. சிறு கேப்ஸ்யூலில் பாதியான 231-க்கு 87 அளவிலேயே 12 முதல் 20 வரை கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் வைத்துக் கிறுக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மூன்று ஒளிநிலைகளுக்குள் படம் நிற்காவிட்டால் வண்ணம் வந்து காப்பாற்றாது. ‘மூச்சளவு’ கிறுக்கல்களில் தேறுவது இதுதான்: வலது பக்கத்தில் நீர்மூழ்கியின் இரும்புக் கொக்கி ஒரு பெட்டியைக் கவ்வியிருக்கிறது. அதன் மேலே வட்டக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு முகம். அந்த முகத்தின் பார்வை அழுத்தமானி முள்ளின் மேல். கொக்கியும் பெட்டியும் ‘இது பொருள் சேர்க்கும் விளையாட்டு’ என்கின்றன. முள் கெடுவைச் சொல்கிறது. முகம் நம்மை நிறுத்துகிறது. முக்குளிப்பவரின் முதுகு போயே போய்விட்டது.

நிழலுருவச் சோதனை ஒன்றும் இங்கே அவசியம். முக்கியப் பொருளை முழுக் கறுப்பாக நிரப்பிவிட்டு, அது என்னவென்று இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கியின் விரல்கள் பெட்டியோடு ஒட்டியிருந்தால் கறுப்பில் அது வெறும் கட்டி. விரல்களுக்கும் பெட்டியின் மேல் மூலைகளுக்கும் நடுவே வெளிச்சம் புகும் இடைவெளி விட்டால்தான் ‘கவ்வுகிறது’ என்பது புரியும். 462 அளவில் அந்த இடைவெளி குறைந்தது 8 பிக்சல் இருக்கட்டும். 120-க்குச் சுருங்கியபின் 2 பிக்சலாவது மிஞ்சும்.

பெயரெழுத்து

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குறைந்த பணமே இருந்தால் ஓவியத்தில் மிச்சம் பிடித்து எழுத்துக்குக் கொடுங்கள் என்பது எங்கள் கட்சி.

கடையில் பெயர் ரோமன் எழுத்தில் வருகிறது, பத்து எழுத்துகள். 120-க்கு 45-ல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே வரியில் எழுதினால் இரு ஓரமும் 6 பிக்சல் போக 108 பிக்சல். ஓர் எழுத்துக்கு 10.8. இடைவெளி கழித்தால் 9 பிக்சல் அகலம், 12 பிக்சல் உயரம். படிக்கலாம், ஆனால் ஓவியத்துக்கு அகலத்தில் ஓரிடமும் மிச்சமில்லை. எழுத்துக்கு மேலும் கீழும் 16 பிக்சல் வீணாகிறது.

‘மூச்சு’, ‘அளவு’ என்று பெயர் தானாகவே இரண்டாகப் பிரியும். ரோமனில் ஐந்தும் ஐந்தும். இரண்டு வரியாக அடுக்கினால் கணக்கு மாறுகிறது. மேலும் கீழும் 4 பிக்சல் ஓரம், வரிகளுக்கு நடுவே 3 பிக்சல். ஒவ்வொரு வரிக்கும் 17 பிக்சல் உயரம் கிடைக்கும். அகலத்தில் இரு ஓரமும் 5, ஓவியத்துக்கு வலதுபுறம் 34, இடையில் 4 கழித்தால் எழுத்துக்கு 72. அதாவது எழுத்தொன்றுக்கு 14.4, இடைவெளி 2 பிக்சல் போக 12 பிக்சல் அகலம். நெருக்கமான, உயரமான, பருத்த எழுத்துரு இதற்குப் பொருந்தும். உயரம் 12-லிருந்து 17 ஆனது; ஓவியமும் உள்ளே வந்துவிட்டது. எந்த எழுத்துரு என்று தேடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பலர் அழகான எழுத்துருவை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு இடம் தேடி அலைகிறார்கள்.

பெயரில் இரண்டு வட்ட எழுத்துகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றை அழுத்தமானிகளாக மாற்றும் ஆசை யாருக்கும் வரும். முதன்மைக் கேப்ஸ்யூலில் அது அழகாகவே அமையும். சுருக்கும்போதுதான் சிக்கல்: முள்ளின் நுனி வட்டத்தின் கோட்டைத் தாண்டி வலது கீழ்ப்புறம் நீண்டிருந்தால், ரோமன் எழுத்தில் ‘ஓ’ போய் ‘க்யூ’ ஆகிவிடும். பெயரே மாறிப்போகிறது. முள்ளை வட்டத்துக்குள் அடக்கினால், 120-ல் உள்வெளி 4 பிக்சல்தான் இருக்கும்; முள் அதை அடைத்து எழுத்து ஒரு சாம்பல் பொட்டாகும். முடிவு: பெரிய மூன்று கேப்ஸ்யூல்களில் ஒரே ஒரு வட்டத்துக்கு மட்டும், இடது மேற்புறம் நோக்கிய சிவப்பு முள். சிறு கேப்ஸ்யூலில் அதுவும் இல்லை, வெறும் எழுத்து. ஒரே லோகோவை எல்லா அளவுக்கும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவுமில்லை.

பெயரைத் தமிழ் எழுத்தில் வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இட்ச் பக்கத்துக்கும் போஸ்டருக்கும் ‘மூச்சளவு’ தமிழிலேயே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் காணாமல் போவது ‘ச்’ மேல் உள்ள புள்ளி. அதன் விட்டம் கோட்டுப் பருமனுக்குக் குறையாமலும், எழுத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பருமனில் பாதிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் புள்ளி எழுத்தின் மேற்கோட்டோடு ஒட்டிவிடும். அடுத்து, ‘ள’, ‘வ’ ஆகியவற்றின் சுழிகள். ரோமன் பேரெழுத்தில் கோட்டுப் பருமன் உயரத்தில் நாலில் ஒரு பங்கு வரை போனாலும் தாங்கும். தமிழில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினாலே சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மூன்றாவதாக, ‘மூ’, ‘வு’ இரண்டும் கோட்டுக்குக் கீழே இறங்குபவை; பெயரின் முதலிலும் கடைசியிலும் கீழே வால் தொங்குவதால் அடியில் வேறெதையும் நெருக்கி வைக்க முடியாது. கடையில் வாங்கிய எழுத்துருவை அப்படியே போடாமல், சுழிகளைக் கையால் கொஞ்சம் திறந்துவிட்டு, புள்ளியைப் பெரிதாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். எழுத்துருவின் உரிமம் லோகோவில் வணிகப் பயன்பாட்டையும் வடிவ மாற்றத்தையும் அனுமதிக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணம்

கடல் நிறத்தை 18, 48, 63-லிருந்து 30, 120, 130-க்கு ஏற்றினால், கடையின் கருநீலத்தோடு உள்ள மாறுபாடு 1.08-லிருந்து 2.9 ஆகிறது. ஓரம் தெளிவாகத் தெரியும். அதன் மேல் பெயரை 255, 240, 205 என்ற பாலேட்டு நிறத்தில் வைத்தால் மாறுபாடு 4.6. சாதாரண எழுத்துக்கு அணுகல் நெறிமுறை கேட்கும் 4.5-ஐத் தாண்டுகிறது.

இன்னும் வெளிச்சமாக்கினால் என்ன? கடலை 40, 150, 155-க்குக் கொண்டுபோனால் ஓரம் இன்னும் பளிச்சென்று நிற்கும். ஆனால் பெயரின் மாறுபாடு 3.1-க்கு இறங்கிவிடும். ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறைகிறது. வழி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது: படத்தின் ஓரங்கள் வெளிச்சமாக இருக்கட்டும், பெயருக்குப் பின்னால் மட்டும் கடல் இருளட்டும். நீரின் ஆழமே அந்த இருளுக்குக் காரணம் சொல்லிவிடும் என்பதால் ஒட்டுப்போட்டது போல் தெரியாது. எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு போட்டுச் சமாளிப்பது கடைசிப் புகலிடம். சிறிய அளவில் அந்தக் கோடு எழுத்தின் உள்வெளியைத் தின்றுவிடும்.

மூன்றாவது நிறம் ஒன்றுதான்: பெட்டி மேல் விழும் விளக்கின் மஞ்சள். முள்ளின் சிவப்பு அளவில் மிகச் சிறியது. ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. ஆகவே சிவப்பு முள்ளைப் பசும்நீலத்தின் மேல் நேரடியாக வைக்காமல், மானியின் வெள்ளை முகப்பின் மேல் வைப்பது பாதுகாப்பு. படத்தை முழுச் சாம்பலாக்கிப் பார்த்தால் முள் இன்னும் தெரிய வேண்டும்.

ஒரு தாய்க்கோப்பு, ஆறு அமைப்புகள்

வெட்டுவதற்குப் பதில் அடுக்குகளை நகர்த்துவதுதான் தீர்வு. தாய்க்கோப்பில் கடல், கப்பலின் உடைந்த சட்டங்கள், நீர்மூழ்கி, கொக்கி, பெட்டி, முகமும் ஜன்னலும், மானி, குமிழிகளும் ஒளிக்கற்றையும், பெயர் என்று ஒவ்வொன்றும் தனி லேயர். பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் கொக்கிப் பகுதியும் வரையப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை நகர்த்தியதும் அங்கே ஓட்டை. கடல் லேயர் ஹீரோவுக்காகக் குறைந்தது 3840 பிக்சல் அகலம். வரைபவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் “லேயர் பிரித்த கோப்பு” என்று எழுதாமல் விட்டவர்கள் கடைசியில் ஒட்டிய ஒற்றைப் படத்தோடு நிற்பார்கள். வணிகப் பயன்பாடு, பின்னாளில் மாற்றும் உரிமை, திருத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை, பெயர்க் குறிப்பு ஆகியவையும் அதில் வர வேண்டும். படம், எழுத்து போன்றவற்றைத் தானே உருவாக்கும் ஏஐ விளையாட்டில் பயன்பட்டிருந்தால் தெரிவிக்கும்படி ஸ்டீம் 2024 ஜனவரியிலிருந்து கேட்கிறது. வரைபவர் அதைத் தொட்டாரா இல்லையா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

முதன்மைக் கேப்ஸ்யூலில் எல்லாம் உண்டு. தலைப்புக் கேப்ஸ்யூலில் கப்பல் சட்டங்கள் போய்விடும். செங்குத்து வடிவங்களில் நீர்மூழ்கி மேலே, கொக்கி நடுவில், பெட்டி கீழே; இந்தக் காட்சிக்கு இயல்பான அமைப்பு உண்மையில் இதுதான். பெயர் மேல் மூன்றில் ஒரு பங்கில். சிறு கேப்ஸ்யூலில் கொக்கி, பெட்டி, பெயர் தவிர வேறொன்றும் இல்லை, முகம்கூட இல்லை. 34 பிக்சலில் முகம் வைத்தால் அது கண்ணில் விழுந்த தூசி போலத்தான் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பார்ப்பவர் ஏற்கெனவே விஷ்லிஸ்ட்டில் (பின்னால் வாங்கக் குறித்துவைக்கும் பட்டியலில்) போட்டிருந்தாலோ வாங்கியிருந்தாலோ, படத்தின் இடது மேல் மூலையில் ஸ்டீம் ஒரு சிறு பட்டையை ஒட்டும். பெயரின் முதல் எழுத்து அந்த மூலையில் முட்டிக்கொண்டிருந்தால் பாதி மறையும்.

பிக்சல் கலை விளையாட்டு என்றால் கூடுதல் சிக்கல் உண்டு. சிறு சித்திரத்தை 2, 3, 4 என்று முழு எண் மடங்கில்தான் பெரிதாக்க வேண்டும், 2.5 மடங்கு போட்டால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். ஸ்டீம் அதை மீண்டும் சுருக்கும்போது எப்படியும் மழுங்கும் என்பதால், சிறு கேப்ஸ்யூலுக்கு மட்டும் மென்மையாக வரைந்த படம் வைப்பதில் தவறில்லை. உள்ளே இருப்பது பிக்சல் கலை என்பதை முதல் ஸ்கிரீன்ஷாட் சொல்லிவிடும்.

ஏற்றுமதியில் தடுக்குவது பெரும்பாலும் நிற விவரக்குறிப்பில். அச்சுக்கான நான்கு வண்ண முறையிலோ அகல வண்ண வெளியிலோ சேமித்த கோப்பு உலாவியில் வெளிறியோ அடர்ந்தோ தெரியும். திரைகளுக்கான பொது நிற முறையான எஸ்ஆர்ஜிபி, 8 பிட் என்று மாற்றியபின் சேமியுங்கள். பிஎன்ஜி எடுத்தால் சிவப்பு முள்ளின் ஓரத்தில் ஜேபெக் சுருக்கத்தால் வரும் கறை படியாது.

கடை என்ன அனுமதிக்கிறது

2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமின் அடிப்படைப் படங்களில் விளையாட்டின் பெயரும் அதிகாரபூர்வத் துணைப் பெயரும் தவிர வேறு எழுத்து கூடாது. விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், பாராட்டு வரி, தள்ளுபடி அறிவிப்பு, வேறு தயாரிப்பின் விளம்பரம் எல்லாம் விலக்கு. மீறினால் கடையில் காட்டப்படும் அளவு குறையலாம். அதிகாரபூர்வத் தள்ளுபடி விழாக்களில் இடம் கிடைக்காமலும் போகலாம். ‘மூச்சளவு’ பழைய படத்தின் அடியில் “ஆழத்தில் யாருமில்லை” என்றொரு வரி இருந்தது. துணைப் பெயர் இல்லையென்றால் அதுவும் போக வேண்டியதுதான். வாசகம் வைக்க இடம் கடைப்பக்கத்தின் குறு விவரணை.

சோதனை

“நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய முறை வேறு. அதே டேக்கில் வரும் தேடல் பட்டியலைத் திரைப்பிடிப்பாக எடுத்து, நடுவில் ஒரு விளையாட்டின் இடத்தில் நம் படத்தை 120-க்கு 45-ல் ஒட்டுங்கள். அந்த வகையை விளையாடுபவர்கள் ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். பட்டியலை மூன்று நொடி காட்டி மூடிவிட்டு, எவை நினைவிருக்கின்றன என்று கேளுங்கள். பிறகு நம் படத்தை மட்டும் ஒரு நொடி காட்டி, பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். என்ன செய்யும் விளையாட்டு என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். பதிலில் “தூக்கறது”, “எடுக்கறது”, “காத்து தீருது” போன்ற சொற்கள் வந்தால் படம் வேலை செய்கிறது. “கடல் விளையாட்டு” என்று மட்டும் வந்தால் சூழல் தெரிகிறது, வகை தெரியவில்லை. “பேய் வருமா?” என்று எவராவது கேட்டால் திரும்ப ஒளிநிலைக் கிறுக்கலுக்கே போக வேண்டும், மேலே மேலே வண்ணம் பூசிச் சரிசெய்ய முடியாது.

போனிலும் ஒரு முறை, ஒளியளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இருண்ட படங்கள் முதலில் தோற்பது அங்கேதான்.

ஏற்றிய பிறகு

ஸ்டீம் தன் டெவலப்பர் பக்கத்தில் இம்ப்ரெஷன் (படம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது), பக்க வருகை, கிளிக் விகிதம் ஆகியவற்றை இடவாரியாகப் பிரித்துக் காட்டும். மொத்த விகிதத்தைப் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. தேடலில் பெயரைத் தட்டி வருபவர் எப்படியும் கிளிக் செய்வார். முகப்பில் தற்செயலாகப் பார்த்தவர் செய்யமாட்டார். ஒரு வாரம் முகப்பில் அதிகம் காட்டினார்கள் என்றால், படம் மாறாமலே மொத்த விகிதம் விழும். ஒரே இடத்தை, படம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும், விழாவோ தள்ளுபடியோ இல்லாத சம நாட்களுக்கு ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கை போதுமா என்பதையும் பாருங்கள். 10,000 இம்ப்ரெஷனில் 200 கிளிக் என்றால் 2 சதவீதம். அடுத்த 10,000-ல் 220 வந்தால் 2.2 சதவீதம், பத்தில் ஒரு பங்கு உயர்வு என்று கொண்டாடத் தோன்றும். இந்த அளவு எண்களில் 20 கிளிக் ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். 300 வந்தால் பேசலாம். கூகுள் பிளேயில் இரு படங்களை ஒரே நேரத்தில் வேறு வேறு ஆட்களுக்குக் காட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஸ்டீமில் இல்லாததால் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

கிளிக் விகிதத்தோடு, வருகைக்கு எத்தனை விஷ்லிஸ்ட் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டும் ஏறினால் படம் சரியான ஆட்களை அழைத்து வருகிறது. கிளிக் ஏறி விஷ்லிஸ்ட் விகிதம் இறங்கினால், படம் ஒன்று சொல்கிறது, பக்கம் வேறொன்று சொல்கிறது. பழைய ‘மூச்சளவு’ படம் திகில் ரசிகர்களை அழைத்தது போல. கிளிக் அப்படியே இருந்து விஷ்லிஸ்ட் விகிதம் ஏறினால் அதுவும் வெற்றிதான்: அதே எண்ணிக்கையில் வேறு ஆட்கள் வருகிறார்கள். இரண்டும் அசையாவிட்டால் கோளாறு படத்தில் இல்லாமல் டேக்கிலோ முதல் நான்கு ஸ்கிரீன்ஷாட்டிலோ இருக்கலாம். உடனே இன்னொரு படத்துக்கு ஓடாதீர்கள்.

மாற்றும் நேரமும் முக்கியம். டெமோ விழாவுக்கு முந்தைய நாள் படத்தை மாற்றினால், வந்த கூட்டம் விழாவாலா படத்தாலா என்று பிரிக்கவே முடியாது. மூன்று நான்கு வாரம் முன்பே மாற்றி, அமைதியான நாட்களின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விழாவுக்குள் போவது நல்லது. பெரிய அப்டேட் வரும்போது “புதிய ஆழம்” என்பது போன்ற எழுத்தோடு தற்காலிகப் படம் வைக்க ஸ்டீம் தனி வழி வைத்திருக்கிறது. அதிகபட்சம் ஒரு மாதம். விளையாட்டு எத்தனை மொழிகளில் வருகிறதோ அத்தனை மொழிகளிலும் அந்த எழுத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். தாய்க்கோப்பில் பெயருக்கு மேல் ஒரு காலி லேயரை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தால், அந்த வேலை அரை நாளில் முடிந்துவிடும்.